காதைப் பொத்தாத பிள்ளைகள்

பெர்சிஸுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்பது கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகளைப் பிடிக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பிடிக்காது. கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வருடமாக ஆடியாலஜிஸ்ட் வேலை, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது. இத்தனை வருடத்தில் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: காது நன்றாகக் கேட்கிற பெரியவர்கள் எதையும் கேட்பதில்லை.

'நிதானம்' வந்த பிறகு அந்த வெறுப்பு இன்னும் முற்றியிருந்தது.

நிதானம் என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஒட்டவேண்டும். ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளில் பலருக்குச் சில சத்தங்கள் ஆகாது. மிக்ஸி ஓடினால் அலறுவார்கள். யாராவது இருமினால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவார்கள். அதே பிள்ளை பேர் சொல்லிப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பாது. இந்த வில்லையை ஒட்டிய ஒரே வாரத்தில் அலறல் நின்றது, கைகள் காதுக்குப் போவது நின்றது. தாய்மார்கள் டிவியில் அழுதார்கள். பள்ளிக்கூடங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'நிதானச் சான்றிதழ் உண்டா' என்று ஒரு கட்டம் போட்டன. அடுக்குமாடிச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றின. வில்லை ஒட்டியதும் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துச் சோதித்து அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட, கம்பெனி பெர்சிஸை அமர்த்தியிருந்தது. இதுவரை இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து.

அன்று வந்தது கவினயா. நாலரை வயது, மஞ்சள் கவுன். கூட வந்திருந்த அம்மா கோகிலவாணி பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஒல்லி உடம்பு, முகத்தில் எதுவும் தெரியாது.

கவினயா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெர்சிஸ் இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாக விட்டாள். குக்கர் விசில். மிக்ஸி. மால் கழிப்பறையில் கை காயவைக்கும் மெஷின். கடைசியாகக் கைதட்டல். ஆறு மாதத்துக்கு முன்னால், வில்லை ஒட்டுவதற்கு முன், இதே கைதட்டலுக்கு இந்தப் பிள்ளை நாற்காலியோடு சாய்ந்து விழுந்து நெற்றியில் புடைத்துக்கொண்டது பெர்சிஸுக்கு நினைவிருந்தது. இன்றைக்கு ஆடவில்லை, அசங்கவில்லை. இரண்டு கையும் மடியில்.

"பாருங்க மேடம், எப்படி உக்காந்திருக்கான்னு," என்றாள் கோகிலவாணி.

அதில் பெருமை இருப்பதாகப் பெர்சிஸ் எடுத்துக்கொண்டாள். பிள்ளை வேண்டாம், ஷோகேஸில் வைக்கிற பொம்மை வேண்டும் இவர்களுக்கு என்று நினைத்தாள். ஒரு பொம்மைக் கடையைக் காட்டிவிட்டிருந்தால் இந்த ஆசை இருநூறு ரூபாயில் தீர்ந்திருக்கும்.

"ம், நல்லா உக்காந்திருக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளையைத் தூக்கி இறக்கும்போதுதான் பார்த்தாள். மஞ்சள் கவுனின் மடியில் இரண்டு இடத்தில் ஈரம். சிறுநீர் என்று முதலில் தோன்றியது. குனிந்து பார்த்தால் ஐந்து ஐந்து விரலாகத் தெரிந்தது. இரண்டு உள்ளங்கை. ஏசி இருபத்திரண்டில் ஓடுகிற அறை. பெர்சிஸ் பிள்ளையின் கையைப் பிடித்தாள். சோப்பு போட்டுக் கழுவி எடுத்ததைப்போல் நனைந்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு சின்ன டெஸ்ட்," என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டிவிட்டு, பிள்ளையின் விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றாறு. வெளியே வந்து கைதட்டலை மறுபடி விட்டாள். நூற்று இருபது. நூற்று நாற்பத்தைந்து. நூற்று எழுபத்தொன்று. கண்ணின் கருமணி அகன்று கண் முழுக்கக் கறுப்பாகியிருந்தது. கைகள் மடியில் இருந்தன.

பெர்சிஸ் சத்தத்தை அணைத்தாள்.

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது. சர்டிபிகேட் அடுத்த வாரம் தரேன்," என்றாள்.

கோகிலவாணி அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். "சரிங்க," என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

டாக்டர் விசாகனின் அறை அவினாசி ரோட்டில் ஆறாவது மாடியில் இருந்தது. நிதானத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். குரல் உயர்த்தியே பேசாத ஆள். அவர் கத்துகிறவராக இருந்திருந்தால்கூடப் பெர்சிஸ் கொஞ்சம் மதித்திருப்பாள். சுவர் நிறையக் குழந்தைகளின் படங்கள். ஒவ்வொரு படத்திலும் கைகள் மடியில்.

பெர்சிஸ் நாடிக் கணக்கை மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். ஆச்சரியப்படவில்லை.

"டாக்டர், இந்தப் பிள்ளைக்குச் சத்தம் முன்னாடி எப்படிக் கேட்டுச்சோ அப்படியேதான் கேக்குது."

"ஆமா."

"ஆமான்னா?"

"நாங்க சத்தத்தைக் குறைக்கிறதா எங்கயுமே சொல்லலையே மேடம். 'ஒலிக்கான எதிர்வினைகளைத் தணிக்கிறது'. அதுதான் அட்டையில இருக்கு. பலபேர் படிக்கிறதில்ல."

"அப்ப இது என்னதான் செய்யுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இருநூத்திப் பதினாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் பொறுமையாகச் சொன்னார். "காதுக்கும் மூளைக்கும் நடுவுல போற வழி ரொம்பச் சிக்கல். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணுக்கு மிக்ஸி, இன்னொண்ணுக்குக் கைதட்டல். அதுல கை வைக்க இன்னும் முப்பது வருஷம் ஆகும். ஆனா மூளையிலிருந்து கைக்கும் தொண்டைக்கும் போற வழி எல்லாருக்கும் ஒண்ணு. அங்க ஒரு சின்ன மின்சாரம். 'காதைப் பொத்து'ன்னு கிளம்புற உத்தரவு போய்ச் சேராது. அவ்வளவுதான்."

"வலி அப்படியே இருக்கு. கையைக் கட்டிப் போட்டுட்டீங்க."

"கட்டிப் போடலையே. சாப்பிடுறா, எழுதுறா, விளையாடுறா. சத்தத்துக்கு மட்டும்." அவர் படங்களைக் காட்டினார். "இவங்க பேரண்ட்ஸ் என்கிட்ட வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? வலியை நிறுத்துங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. கத்துறதை நிறுத்துங்கன்னு கேட்டாங்க. ஸ்கூலும் அதைத்தான் கேட்டுச்சு. நாளாக நாளாக அந்தப் படபடப்பும் பழகிடும் மேடம்."

"பழகலன்னா?"

"அது வெளிய தெரியப்போறதில்லையே," என்றார் விசாகன். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் பெர்சிஸுக்குப் பொறுக்கவில்லை.

*

அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும். போனில் சொல்கிற விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கணபதியில் கோகிலவாணியின் குடியிருப்புக்குப் போனாள்.

கீழ்த்தளத்து ஹாலில் யாருக்கோ பிறந்தநாள். ஸ்பீக்கர் அலறியது. பலூன்களுக்கு நடுவே கவினயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் பெர்சிஸிடம் தானாகவே வந்து பேசினாள்.

"முன்னாடியெல்லாம் கத்தி ஊரைக் கூட்டுமுங்க இது. அசோசியேஷன்ல நாங்கதான் ஸ்ட்ரிக்டா சொன்னோம், வில்லை போட்டாத்தான் இருக்கலாம்னு. இப்பப் பாருங்க, இருக்கற எடமே தெரியல."

ஒரு குழந்தையைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்ல அந்த அம்மாளுக்கு எதுவும் இல்லை. பெர்சிஸ் அவளுடைய நெக்லஸைப் பார்த்தாள், தட்டில் இருந்த கேக்கைப் பார்த்தாள், பிள்ளையின் பக்கம் நகர்ந்தாள்.

கோகிலவாணி அவளைப் பார்த்ததும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மணி பார்த்தாள். ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. "மேல வாங்க மேடம்," என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் போனதும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள். பிள்ளையைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்காரவைத்து, காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைக் கழற்றினாள்.

கவினயாவின் இரண்டு கையும் ஒரே வேகத்தில் காதுக்குப் போயின. முழங்கை நடுங்கும்படி அழுத்திப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அங்கே எந்தச் சத்தமும் இல்லை. குழாய்கூடச் சொட்டவில்லை.

கோகிலவாணி வாசலில் தரையில் உட்கார்ந்தாள். பெர்சிஸும் உட்கார்ந்தாள்.

"ஒரு மணி நேரம் ஆகுமுங்க," என்றாள் கோகிலவாணி, காற்றில் பேசுவதுபோல. "காலையில இருந்து பொத்தாத காதையெல்லாம் இப்பப் பொத்திக்கறா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியுமுங்க. சார்ஜ் போடக் கழட்டறப்ப எல்லாம் இப்படித்தான். அப்பறம் ஒரு நாள் நானே எடுத்து ஒட்டிப் பாத்தேன். கீழ ஜெனரேட்டர் ஓடறப்பப் பக்கத்துல போய் நின்னேன். சத்தம் மண்டையப் பொளக்குது. கை எந்திரிக்கவே இல்லீங்க. எந்திரிக்கணும்னு நெனக்கறேன், கை யாரோடதோ மாதிரி தொங்குது. நகந்து போயிரலாம்னுகூடத் தோணல. அதையும் சேத்து எடுத்துருது போல."

பெர்சிஸ் சொல்ல வந்தது எல்லாம் இவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டாள். "தெரிஞ்சுமா கழட்டாம வச்சிருக்கீங்க?"

"கழட்டிட்டு எங்கீங்க போறது?" கோகிலவாணியின் குரல் மாறவில்லை. "மூணு வீடு மாத்தியாச்சு. ஸ்கூல் வேன்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. காதுக்கு ஹெட்போன் மாட்டி அனுப்பினேன், யூனிபார்ம்ல அது இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அவங்கப்பா மஸ்கட்ல இருக்கார். நான் வேலைக்குப் போகணும். அழற புள்ளைக்கு இந்த ஊர்ல எடமில்லீங்க மேடம். வலிக்கற புள்ளைக்கு இருக்குது. வெளிய காட்டாம இருந்தாச் சரி."

கோகிலவாணி அணைத்துக் கிடந்த பிரிட்ஜைக் காட்டினாள்.

"முன்னாடி இந்த பிரிட்ஜ்மேல காத வச்சுட்டு நிப்பா. ம்ம்னு அதுகூடவே பாடுவா. அந்தச் சத்தம் அவளுக்கு அத்தனை புடிக்கும். இப்ப அதுகிட்டயும் போறதில்ல. புடிச்சதுக்கும் புடிக்காததுக்கும் சேத்துத்தான் பூட்டுப் போட்டிருக்காங்க." அவள் பெர்சிஸைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க என்னைய எப்படிப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க. பாத்துக்குங்க, பரவால்ல. ஆனா ஸ்கூல்ல எடுத்தது உங்க கையெழுத்தைப் பாத்துத்தான்."

ஏழு மணிக்குக் கவினயாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

பெர்சிஸ் சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் யாரையாவது வெறுக்கவேண்டும்போல் இருந்தது. கோகிலவாணியை வெறுக்க முடியவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத சங்கடமாக இருந்தது.

*

அறிக்கை எழுதினாள். நான்கு பக்கம். பழைய பிள்ளைகளில் இருபது பேரை மறுபடி வரவழைத்துச் சோதித்து, கணக்கோடு எழுதினாள். உள்ளங்கை வியர்க்கிறது. நாடி ஏறுகிறது. கருமணி விரிகிறது. வில்லையைக் கழற்றியதும் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வலிக்கிறது. கம்பெனிக்கு அனுப்பினாள், கம்பெனியின் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். குழுவில் இருந்த ஐந்து பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். படித்தவர்களைப் பற்றித் தனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்சம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் நான்கு பக்கம் எழுதியிருக்க மாட்டாள்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. விசாகனே எழுதியிருந்தார்.

'தங்கள் நுட்பமான கவனிப்புக்கு நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. தாங்கள் சுட்டிக்காட்டிய வியர்வை, நாடித்துடிப்பு, கருமணி விரிவு ஆகிய மூன்று குறைகளும் புதிய வில்லையில் சீர்செய்யப்பட்டுள்ளன. கழற்றியதும் ஏற்படும் பின்விளைவைத் தவிர்க்க, மின்கலம் பத்து நாள் நிற்கும்படி அமைத்துள்ளோம். பழைய வில்லைகள் அனைத்தையும் பள்ளிகளிலேயே முகாம் நடத்தி மாற்றித் தருகிறோம்.'

பெர்சிஸ் அதை மூன்று தடவை படித்தாள். எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று திருடனுக்குத் தானே பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று மூன்றாவது தடவைதான் முழுசாக உறைத்தது. இத்தனை நாள் ஊரில் உள்ளவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அந்தச் சொல்லை வேறு யாருக்கும் பயன்படுத்தவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். கோகிலவாணி முன்பதிவு செய்யாமல் பிள்ளையோடு வந்து நின்றாள். அந்த முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

"அந்த ஒரு மணி நேரம் போச்சுங்க மேடம்."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"ஸ்கூல்ல மாத்தின நாள்ல இருந்து ரெண்டு தடவை கழட்டினேன். பக்கெட்டு மேல உக்கார வச்சா சும்மாவே உக்காந்திருக்கா. கை காய்ஞ்சு கெடக்குது. என்னையவே பாக்கறா. முன்னாடி வலிக்குதுன்னாவது தெரிஞ்சுச்சு. இப்ப சரியாயிருச்சா, இல்ல வலிக்குதுன்னு சொல்றதையே மறந்துட்டாளா, எனக்கு எப்படிங்க தெரியும்?"

பெர்சிஸ் அறைக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு வரவேண்டிய மற்றவர்களை நாளைக்கு வரச் சொல்லச் சொன்னாள். மூன்று பேருமாகச் சத்தம் புகாத அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். வில்லையைக் கழற்றி வெளியே வைத்தாள். இடைவிடாமல் ஒட்டியிருந்ததன் பிடி விட நேரமாகலாம் என்று காத்திருந்தாள். கவினயா நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. யாரும் பேசவில்லை. நாற்பது நிமிடம் போயிருக்கும். பெர்சிஸுக்குத் தொண்டை அரித்து, அடக்க முடியாமல் ஒரு இருமல் வந்துவிட்டது.

பிள்ளையின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. பாதி வழியில் நின்றது. எங்கே போகவேண்டும் என்று யோசிப்பதுபோல் நின்றது. பிறகு மெல்லப் போய்க் காதை மூடியது. இடது கையும் போயிற்று. பிறகு கவினயா வாயைத் திறந்து அலறினாள். கண்ணாடி அதிர்கிற அலறல்.

கோகிலவாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்பாடி," என்றாள்.

*

பெர்சிஸ் செய்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. வில்லை விடுகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரம் அவளுடைய கம்ப்யூட்டருக்கு இருந்தது. அதைப் பூச்சியத்துக்கு இறக்கினாள். விளக்கு மட்டும் எரியும். பிறகு பிள்ளையின் காதுக்குள் மிருதுவான பசையை ஊற்றி அச்சு எடுத்து, காது நிறத்திலேயே இரண்டு அடைப்பான் செய்தாள். பேச்சு கேட்கும், சத்தத்தின் கூர்மை மழுங்கும். அவள் கல்லூரியில் படித்த காலத்திலேயே இருந்த வைத்தியம். கவினயா முதல் ஜோடியைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டாவதைக் கடித்துத் துப்பினாள். மூன்றாவதைக் கோகிலவாணி தினமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழக்கினாள். இரண்டு வாரத்தில் பிள்ளை அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

"அடைப்பான் எல்லாத்தையும் தடுக்காது," என்று பெர்சிஸ் எச்சரித்தாள். "பெரிய சத்தம் வந்தா காதைப் பொத்துவா. மாட்டிக்குவோம்."

"பாத்துக்கலாமுங்க," என்றாள் கோகிலவாணி.

மாட்டிக்கொள்ளவில்லை. பள்ளியில் மணி அடித்த முதல் நாளே கவினயா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். வாசலில் நின்ற கோகிலவாணிக்கு உயிரே போயிற்று. வகுப்பு மிஸ் குனிந்து பிள்ளையின் காதுக்குப் பின்னால் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"வில்லை நல்லாத்தான் வேலை செய்யுது," என்று மிஸ் ஆயாவிடம் சொன்னாள். "சும்மா விளையாடுறா."

கீழ்வீட்டுப் பட்டுப்புடவை அம்மாள், மிக்ஸிக்குக் கவினயா காதைப் பொத்தியதைப் பார்த்து, "எத்தனை அழகா ஆக்‌ஷன் பண்ணுது பாருங்க," என்றாளாம். ஒரு வருடத்துக்கு முன்னால் இதே காரியத்துக்கு இதே அம்மாள் போலீசைக் கூப்பிடுவேன் என்றவள்.

இதைக் கேட்டு பெர்சிஸ் கிளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிள்ளை அதே பிள்ளை. கை அதே கை. அதைத் தாங்க முடியாத ஊருக்கு இப்போது ஒரு ராகி அளவு விளக்குப் போதுமாக இருந்தது. யாரும் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்பது நிரூபணமாயிற்று. இத்தனை வருடமாகத் தான் இவர்களைப் பற்றி நினைத்தது எல்லாம் சரிதான் என்பதில் அவளுக்கு ஒரு கசப்பான சுகம் இருந்தது.

மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டுப் பேச நினைத்தாள். ஒருத்தி கம்பெனியிடம் போய்ச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைத்தாள். அடுத்த மாதமும் அப்படியே வைத்தாள். ஒன்றைச் செய்தாயிற்று என்று மனதுக்குள் ஒரு திருப்தி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் திருப்தியைப் பிற்பாடு அவள் மன்னிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து விசாகன் போன் செய்தார். அவர் குரல் உயர்ந்து பெர்சிஸ் கேட்டது அன்றுதான்.

"மேடம், உங்க கவினயாவோட கணக்கைப் பாத்தீங்களா? வில்லை தினமும் எத்தனை எதிர்வினையைத் தடுத்துச்சுன்னு எங்களுக்கு அனுப்பும். மத்த குழந்தைங்களுக்கு ஐம்பது, அறுபதுன்னு வருது. இவளுக்கு நாலு மாசமா பூச்சியம். தடுக்கிறதுக்கே எதுவும் இல்ல. மூளை பழகிடுச்சு. நான் சொன்னேனே, பழகும்னு."

பூச்சியத்தில் வைத்த வில்லை பூச்சியத்தைத்தான் எண்ணும். பெர்சிஸ் அதைச் சொல்லவில்லை. "அப்படியா டாக்டர்," என்றாள்.

*

அந்தப் பூச்சியத்தைக் கொண்டாடக் கம்பெனி ஒரு பெரிய மண்டபத்தில் விழா வைத்தது. முன்னூறு பேர் வந்திருந்தார்கள். பள்ளித் தாளாளர்கள், அசோசியேஷன் தலைவர்கள், காலையில் வாங்கிய பூங்கொத்தோடு நெறிமுறைக் குழு. முன்வரிசையில் புது வில்லை போட்ட முப்பத்தெட்டுக் குழந்தைகளைக் கம்பெனியின் பேர் போட்ட வெள்ளைச் சட்டையில் உட்காரவைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. தான் குழந்தைகளிடம் மிகவும் பிரியமானவர் என்று வந்ததிலிருந்து நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

கோகிலவாணி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடம் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டது. மேடையின் ஓரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெர்சிஸ் இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

விசாகன் கவினயாவின் கையைப் பிடித்து மேடை நடுவுக்குக் கூட்டிவந்தார். "இந்தக் குழந்தையின் மூளை சத்தத்தோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டது," என்றார் மைக்கில். "நான்கு மாதமாக ஒரு எதிர்வினைகூட இல்லை."

மண்டபம் எழுந்து கைதட்டியது.

கவினயா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முகம் சுருங்கியது. கோகிலவாணி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். விருந்தினர் விசாகன் பக்கம் சாய்ந்து, "என்ன டாக்டர், காதைப் பொத்துறாளே?" என்று கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

விசாகன் பிள்ளையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தார். பூச்சியம்.

"இல்ல சார், இது எதிர்வினை இல்ல. எதிர்வினையா இருந்தா இதுல காட்டிடும். கூட்டத்தைப் பாத்த சந்தோஷத்துல விளையாடுறா."

"ஓ, விளையாட்டா," என்றார் விருந்தினர். குழந்தைகளிடம் பிரியமானவர் அல்லவா. தனக்குக் கொடுத்த பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கவினயாவுக்கு நேராகக் குனிந்து கண்ணைச் சிமிட்டினார். விசாகன் சிரித்துக்கொண்டு பொத்திக்கொண்டார். நெறிமுறைக் குழு பொத்திக்கொண்டது. தாளாளர்கள் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசைவரை அது போயிற்று. முன்னூறு பெரிய மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டு இளித்துக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு காட்சிக்காகத்தான் இவர்களையெல்லாம் கடவுள் இத்தனை காலம் விட்டுவைத்திருக்கிறார் என்று பெர்சிஸுக்குத் தோன்றியது. தன் கைகளும் காதில் இருப்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

காதில் இருக்கிற கையால் யாரும் கைதட்ட முடியாது. மண்டபம் சட்டென்று அமைதியாயிற்று.

அந்த அமைதியில் கவினயாவின் முகம் தளர்ந்தது. கைகளை இறக்கினாள். யாரையும் பார்க்காமல், மேடையின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி நடந்தாள். கோகிலவாணி அவள் பின்னால் போனாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் விளையாட்டில் இருந்தார்கள்.

பெர்சிஸ் அவர்களோடு போகத்தான் எழுந்தாள். வரிசையைத் தாண்டும்போது முன்னால் பார்த்தாள்.

முப்பத்தெட்டுக் குழந்தைகளும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் கை மடியில் இருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.